அடங்காச் சினமும் அன்றாட வாழ்வும்

"கோபம் உள்ள இடத்திலே குணம் உண்டு" என்பது யாழ்ப்பாணத்து வீடுகளிலே அடிக்கடி செவியில் விழும் பழமொழி. வீட்டுத் தலைவர் சினங்கொண்டு பொருள்களை உடைத்த மறுநாள், அயலவர் விசாரிக்க வரும்போது, "அவருக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது; மற்றும்படி தங்கமான மனிசன்" என்று மனைவி சொல்லுவாள். அயலவரும் தலையை அசைத்து, அந்தப் பழமொழியை ஒருமுறை சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போவர். ஆறுதல் சொல்லியாயிற்று. ஆனால் அந்த ஆறுதலுக்குப் பின்னே ஒரு நோய் பல ஆண்டுகளாக மறைந்து கிடக்கலாம் என்பதை எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

சினம் மனிதருக்கு இயல்பானது. அநீதி கண்டவிடத்து உள்ளங் கொதியாதவன் மனிதனல்லன் என்றே உலகம் சொல்லும். ஆயினும் சினத்தின் கேட்டைத் தமிழர் பண்டைக்காலந்தொட்டே உணர்ந்திருந்தனர். திருக்குறளின் 31ஆம் அதிகாரம் வெகுளாமை. ஆத்திசூடியின் இரண்டாம் அடியே சினத்தைப் பற்றியது; அரிச்சுவடி கற்ற கையோடு குழந்தை அதனைக் கற்கின்றது. எனினும், அறநூல்கள் சினத்தை ஆளத்தக்க ஒரு குணமாகக் கொண்டே பேசுகின்றன. அடக்கவேண்டும் என்று உண்மையாகவே விரும்பியும் அடக்க இயலாத நிலை ஒன்று உண்டு என்பதும், அந்நிலைக்கு மருத்துவம் உண்டு என்பதும் அண்மைக்காலத்து உளமருத்துவம் தெளிவாக்கிய செய்திகளாகும்.

விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவரலாம். இது வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களுக்கு அருகிலே எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு வீடு. தகப்பனுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். வெங்காயமும் புகையிலையும் செய்கின்ற உழைப்பாளி. அயலவன் கேட்டால் தன் நீரிறைக்கும் இயந்திரத்தை மறுப்பின்றிக் கொடுப்பவர். ஆனால் மாலையிலே அவர் வீடு திரும்பும் நேரம் வந்ததும் அந்த வீட்டின் மூச்சு நின்றுவிடும். சைக்கிளை எப்படிச் சாத்துகிறார், படலையை எப்படி அடிக்கிறார் என்ற ஓசையைக் கொண்டே அன்றைய இரவு எத்தகையது என்று பிள்ளைகள் கணித்துவிடுவர். கறியிலே உப்புச் சற்றுக் கூடினாற் போதும். வைத்த இடத்திலே சாவி இல்லாவிட்டாற் போதும். கோப்பை சுவரிலே மோதும், வாயிலே வரத்தகாத சொற்கள் வரும், சில வேளைகளிலே கையும் ஓங்கும். கால் மணி நேரத்திலே எல்லாம் அடங்கிவிடும். பின்னர் அவரே விறாந்தையிலே தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார். மறுநாள் சந்தையால் வரும்போது பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிவருவார். "இனி இப்படி நடக்காது" என்பார். அந்த நேரத்திலே அவர் பொய் சொல்லுவதில்லை. ஆனாலும் அடுத்த கிழமை அது மீண்டும் நடக்கும்.

அந்த வீட்டிலே பீங்கான் கோப்பைகள் இல்லை. உடைந்து உடைந்து முடிந்தபின் தாய் சில்வர்க் கோப்பைகளையே வாங்கி வைத்திருக்கிறாள். சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் தன் தோழியரை ஒருநாளும் வீட்டிற்கு அழைப்பதில்லை. பதினொரு வயது மகன், தகப்பன் சொல்லும் அதே சொற்களைத் தன் தங்கையை நோக்கிச் சொல்லத் தொடங்கிவிட்டான். இவ்வாறு ஒருவருடைய சினத்தைச் சுற்றியே ஒரு குடும்பத்தின் உணவும் உறக்கமும் படிப்பும் உறவும் ஒழுங்கமைந்துவிடுகின்றன.

இத்தகைய நிலையை உளமருத்துவர் இடைவிட்டு வெடிக்கும் சினக் கோளாறு என்று வகுத்துள்ளனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய்வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பிலே இப்பெயர் இடம்பெற்றது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அதன் அடையாளங்களைத் திருத்தமாக வரையறுத்தது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாட்டிலும் இக்கோளாறு உண்டு.

அந்த ஐந்தாம் பதிப்பின்படி அடையாளங்கள் பின்வருமாறு அமையும். மூன்று மாத காலமாக, சராசரி வாரத்துக்கு இருமுறை, கடுஞ்சொல்லாலோ, பெருஞ்சேதம் விளைக்காத கைச்செயலாலோ சினம் வெடித்தல் ஒன்று. அல்லது, பன்னிரண்டு மாதத்துள் மூன்று முறை பொருளுக்குச் சேதமோ, மனிதருக்கோ விலங்குக்கோ உடற்காயமோ விளையும்படி வெடித்தல் மற்றொன்று. இவற்றுள் எதுவாயினும், காரணத்தின் அளவை விஞ்சியதாக அந்தச் சினம் இருத்தல் வேண்டும். ஏதேனும் ஒன்றைச் சாதிக்கும் நோக்கத்துடன் முன்கூட்டித் திட்டமிட்டதாக இருத்தலாகாது. அதனால் அவருக்கு மனவேதனையோ, தொழிலிலும் உறவிலும் கேடோ, பொருள்வகையிலோ சட்டவகையிலோ இடரோ நேர்ந்திருத்தல் வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இப்பெயரைச் சூட்டலாகாது. பிறிதொரு நோயினாலோ மதுவினாலோ அச்சினம் முற்றாக விளக்கப்படுமாயின் அதுவும் இக்கோளாறு ஆகாது.

வெடிப்பின்போது உடம்பிலே நிகழ்வது யாது? மூளையின் உட்பகுதியிலே அமிக்டலா என்னும் சிறிய பகுதி உண்டு. ஆபத்தை முதலில் மோப்பம் பிடிக்கும் காவல்நாய்க்கு அதனை ஒப்பிடலாம். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியோ வீட்டுக்காரரைப் போன்றது. வந்தவர் கள்வரா உறவினரா என்று பார்த்து நாயை அடக்குவது அதன் வேலை. இக்கோளாறு உடையவரிடத்துக் காவல்நாய் மிகை உணர்ச்சியுடன் குரைக்கின்றது. வீட்டுக்காரரின் குரலோ மெலிந்து ஒலிக்கின்றது. செரற்றோனின் என்னும் மூளை இரசாயனத்தின் இயக்கத்திலும் குறைபாடு இருப்பதாக ஆய்வாளர் கருதுகின்றனர். அதிரினலின் குருதியிலே பாய, நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் சிவக்கும், காது அடைத்ததுபோல் ஆகும். எதிரே நிற்பவர் சொல்லும் நியாயம் அந்த வேளையிலே உள்ளே இறங்காது.

இக்கோளாறு ஒருவருடைய அன்றாட வாழ்வை எவ்வாறு அரிக்கின்றது என்பதை நான்கு வகையாக நோக்கலாம். முதலாவது தொழில். மேலதிகாரியோடு ஒரு வெடிப்பு, வாடிக்கையாளரோடு ஒரு வெடிப்பு. அத்துடன் பல நாள் உழைத்துத் தேடிய நற்பெயர் போய்விடும். திறமை உள்ளவரே ஓரிடத்திலும் நிலைக்காது தொழில் மாறித் திரிவார். இரண்டாவது பொருள். உடைந்த கைத்தொலைபேசியும், கதவும், பிறருக்குக் கட்டவேண்டிய நட்டமும், சில வேளைகளிலே நீதிமன்றச் செலவும் ஏழைக் குடும்பத்துக்குத் தாங்கொணாச் சுமையாகும். மூன்றாவது உறவு. நல்லது கெட்டதுக்கு அழைப்பு வருவது குறையும். வந்தாலும், "அவர் அங்கே ஏதேனும் செய்துவிடுவாரோ" என்ற அச்சத்தால் மனைவியே போகாது நின்றுவிடுவாள். நான்காவது அவருடைய சொந்த உடலும் உள்ளமும். சினம் வெடித்ததை அடுத்த இரண்டு மணி நேரத்திலே மாரடைப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகின்றது என, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஓர் ஆய்வு 2014இல் காட்டியது. உள்ளத்தையோ வெட்கமும் கழிவிரக்கமும் தின்னும். வீட்டார் அஞ்சுகின்ற மனிதர், தம்மைத் தாமே அஞ்சத் தொடங்குவார்.

இங்கே ஒரு வியப்பான செய்தியும் உண்டு. அமெரிக்காவிலே 9,282 பேரிடம் நடத்தப்பெற்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நூற்றுக்கு ஏழு பேர் வாழ்நாளில் எக்காலத்திலேனும் இக்கோளாற்றுக்கு ஆளாகின்றனர் என்று கண்டது. அது தொடங்கும் சராசரி வயது பதினான்கு. ஆனால் அவர்களுள் சினத்துக்கென்று எப்போதேனும் மருத்துவம் பெற்றோர் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர் அளவினரே. மருத்துவ வசதி மிக்க நாட்டிலேயே நிலை இதுவாயின், சினத்தைக் குணமென்று கொள்ளும் சமுதாயத்திலே சொல்லவேண்டியதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த விடயம் தனிப்பட்ட முறையிலே முக்கியமானது. ஏறத்தாழ மூன்று தசாப்தப் போர் இந்நிலத்தின்மீது நடந்து 2009 மே மாதத்தில் முடிந்தது. 1990 ஒக்ரோபரிலே வடக்கின் முஸ்லிம் மக்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே ஒரே இரவிலே தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையை அழித்தது. இவற்றின் உளத்தாக்கங்களை நெடுங்காலம் இங்கிருந்தே ஆராய்ந்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். வடுப்பட்ட மனங்கள் என்று பொருள்படும் தலைப்பிலே அவர் எழுதிய ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. போரின் காயம் தனிமனிதரின் மனத்தோடு நில்லாது குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைக்கின்றது என்பது அவருடைய எழுத்துக்களின் அடிநாதமாகும்.

போர் முடிந்த சில மாதங்களுள், 2009ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாண மாவட்டத்தில் வளர்ந்தோரிடம் நடத்தப்பெற்ற ஆய்வின் முடிவு 2011இல் வெளியாயிற்று. அவர்களிலே நூற்றுக்கு ஏழு பேரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும், இருபத்திரண்டு பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், முப்பத்திரண்டு பேருக்கு மேற்பட்டோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் காணப்பட்டன. இவை சினக் கோளாற்றின் எண்ணிக்கைகள் அல்ல. ஆயினும், எரிச்சலும் சினவெடிப்பும் மனவடு நோயின் அறிகுறிகளுள் ஒன்று என்பதையும், மனச்சோர்வுற்ற ஆண்கள் பலரிடத்துத் துயரம் கண்ணீராக வராது கோபமாகவே வருகின்றது என்பதையும் சேர்த்து எண்ணினால், குடாநாட்டின் பல வீடுகளிலே ஓங்கும் குரலுக்குப் பின்னால் எது இருக்கக்கூடும் என்பது புலனாகும்.

இவ்வகையிலே தீமோர் நாட்டின் அனுபவம் கருதத்தக்கது. இந்தோனேசிய ஆட்சியின்கீழ் நெடுந்துயரம் அனுபவித்து விடுதலை பெற்ற அந்நாட்டிலே 1,544 பேரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. அவர்களிலே நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் மாதம் ஒருமுறையாவது வெடிக்கும் சினத்துக்கு ஆளாயினர். கடந்தகாலக் கொடுமையும் நிகழ்கால வறுமையும் ஒன்றுசேரும் இடத்திலேயே அச்சினம் மிகுந்தது என்பதே அவ்வாய்வின் சாரம். இழந்த காணிக்காகவும் காணாமற்போன மகனுக்காகவும் ஆண்டுக்கணக்காக அலைந்த ஒருவரின் உள்ளத்திலே தேங்கிய நியாயமான சினம், அதற்குரிய இடத்திலே வெளிப்பட வழியின்றி, சோற்றுக் கோப்பையின்மீது வெடிக்கலாம். இங்குச் சினத்துக்கு உண்மையான காரணம் உண்டு. ஆனால் அடிபடுபவர் அந்தக் காரணத்துக்குச் சற்றும் பொறுப்பில்லாதவர்.

மதுவும் இதனோடு சேர்ந்துகொள்கின்றது. இலங்கையின் வடக்குக் கிழக்கிலே 296 தமிழ் மாணவரிடம் நடத்தப்பெற்று 2008இல் வெளிவந்த ஆய்விலே, வீட்டு வன்முறைக்கும் இரண்டு காரணிகளுக்கும் தொடர்பு காணப்பட்டது: ஒன்று குடும்பம் அனுபவித்த போர், மற்றது தந்தையின் குடிப்பழக்கம். மனத்தை ஆற்றுவதற்கென்று அருந்தும் சாராயம், முன்னே கூறிய வீட்டுக்காரரை உறங்க வைத்துவிட்டுக் காவல்நாயை அவிழ்த்துவிடுகின்றது.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை வேண்டும். வீட்டிலே கைநீட்டுவோர் எல்லாரும் நோயாளர் அல்லர். அலுவலகத்திலே மேலதிகாரியின்முன் கைகட்டி நின்று, வீட்டிலே மனைவியின்முன் மாத்திரம் சினந்தாடுபவர், தம் சினத்தை எங்கே கட்டவேண்டும் என்பதை நன்கு அறிந்தவர். அச்சுறுத்தி அடக்கியாளும் நோக்கத்தோடு செய்யப்படும் கொடுமையை நோய் என்று மூடிமறைத்தலாகாது. உண்மையிலே நோயுற்றவருக்கும் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. வெடிப்பு அவருடைய விருப்பத்தின்படி வராதிருக்கலாம், ஆனால் மருத்துவத்தை நாடுவதும் நாடாதிருப்பதும் அவருடைய விருப்பமே. எக்காரணத்தாலாயினும் அடிபடுபவரின் பாதுகாப்பே முதன்மையானது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அக்கட்டளை பன்னிரண்டு மாதம்வரை செல்லுபடியாகும்.

மருத்துவம் எவ்வாறு நடைபெறும்? முதலிலே வைத்தியர் வேறு காரணம் உண்டோ என்று ஆராய்வார். தலையிலே பட்ட பழைய காயம், வலிப்பு, மனவெழுச்சி நோய், மனச்சோர்வு, மனவடு, மது ஆகிய ஒவ்வொன்றும் சினமாக முகங்காட்டலாம். செல் விழுந்து தலையிலே காயமுற்றோர் பலர் வாழும் நிலத்திலே இந்த ஆராய்வு இன்றியமையாதது. அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சிந்தனையையும் நடத்தையையும் பழக்கித் திருத்தும் உளச்சிகிச்சை. வாரம் ஒருமுறையாக ஏறத்தாழ மூன்று மாதம் இது நடைபெறும். வெடிப்புக்கு முன்னே உடம்பு தரும் அறிகுறியை இனங்காணவும், "என்னை மதிக்கவில்லை" என்று உடனே முடிவுசெய்யும் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கவும், அவ்விடத்தை விட்டு நகரவும் நோயாளர் பழகுவார். மற்றது மருந்து. புளொக்சற்றின் என்னும் மருந்தைக் கொண்டு 100 பேரிடம் நடத்திய பரிசோதனை 2009இல் வெளிவந்தது. அம்மருந்து பெற்றவருள் ஏறத்தாழப் பாதியளவினருக்கு நோய் முழுமையாகவோ பெரும்பகுதியோ தணிந்தது.

சினத்தைக் கொட்டித் தீர்த்தால் மனம் ஆறும் என்று பலர் எண்ணுகின்றனர். தலையணையைக் குத்து, எதையாவது உடை என்றுகூடச் சொல்லுவாருண்டு. 2002இல் வெளிவந்த ஒரு பரிசோதனை இதற்கு நேர்மாறானதையே காட்டியது. தம்மைச் சினமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குச் சினம் தணியவில்லை, மூண்டது. சும்மா இருந்தவர்களே அவர்களிலும் அமைதியாக இருந்தனர். சினம் வெடிக்க வெடிக்கப் பழக்கமாகும். தணியத் தணியவே அடங்கும்.

தணிக்கும் வழிகள் இம்மண்ணிலேயே உண்டு. பேராசிரியர் சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் மக்களின் மரபிலிருந்தே சாந்தப் பயிற்சிகளை எடுத்துக் கையாண்டனர். மெல்ல மூச்சை இழுத்து விடுதலோடு, சைவர் ஓங்காரத்தையும், கத்தோலிக்கர் தம் செபத்தையும், இஸ்லாமியர் திக்ரையும், பௌத்தர் தம் சரணத்தையும் மனத்திலே உருவேற்றும் முறை அது. புதிதாக எதனையும் கற்கும் கூச்சமின்றி, தாயின் மடியிலே கேட்ட சொல்லையே மருந்தாகக் கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. சினமற்ற வேளையிலே நாள்தோறும் பழகினாலன்றிச் சினம் மூளும் வேளையிலே இது கைகொடாது. நீந்தக் கற்பது வெள்ளம் வருமுன்னரே அன்றோ!

வீட்டாரும் சில செய்தல் கூடும். வெடிப்பின் நடுவிலே நியாயம் பேசுதல் பயன்தராது. குரலை உயர்த்தாது விலகிப்போதலே நன்று. பிள்ளைகளை அயல்வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ அனுப்பும் வழியை முன்னரே ஒழுங்குசெய்து வைத்தல் வேண்டும். நடந்ததைப் பற்றிப் பேசுவதற்குரிய நேரம் மறுநாட் காலையே. அப்போதும் குற்றப் பத்திரம் வாசிப்பதுபோலன்றி, "நேற்று நடந்ததால் பிள்ளை இரவு முழுதும் நித்திரை கொள்ளவில்லை; உங்களுக்கும் இது வேதனைதான். ஒருக்கால் வைத்தியரைப் பார்த்துக்கொண்டு வருவோம்" என்று சொல்லலாம். பிள்ளைகளிடம், நடந்தது அவர்களுடைய பிழையன்று என்று வாய்விட்டுச் சொல்லுதல் மிக அவசியம். சொல்லாவிடின், தம்மாலேயே அப்பா கோபித்தார் என்று அவர்கள் எண்ணி வளர்வர்.

எங்கே போவது என்ற கேள்விக்கு விடை அருகிலேயே உண்டு. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. அரச வைத்தியசாலைகளிலே இதற்குக் கட்டணம் இல்லை. நேரே போகத் தயங்குவோர், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்துப் பேசலாம்.

தடையாக நிற்பது பெரும்பாலும் வெட்கமே. உளமருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும், மகளின் கலியாணம் குழம்பிவிடுமோ என்று அஞ்சுகின்றனர். ஆனால் உடைந்த கோப்பையின் ஓசை வேலியைத் தாண்டி ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டது. ஊர் அறியாதிருப்பது ஒன்றே: அந்த மனிதர் இரவிலே விறாந்தையிலே தனியே இருந்து அழுவது. கோபம் உள்ள இடத்திலே குணமும் இருக்கலாம். அந்தக் குணம் வீட்டாருக்குப் பயன்பட வேண்டுமாயின், கோபத்துக்கு மருத்துவம் தேடியே ஆகவேண்டும். அடுத்த முறை அயல்வீட்டுப் பெண் தன் கணவனின் கோபத்தைப் பற்றிச் சொல்லும்போது, பழமொழியைச் சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தாமல், "வைத்தியரிடம் காட்டினீர்களோ?" என்று கேட்பவரே நல்ல அயலவர்.